எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவது? (வாசகர் கேள்வி – பதில்)

இந்த மாதம் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறு, ஒன்று டயரைப் பற்றியும் ஒன்று பணியாரத்தைப் பற்றியும் கேட்டாலும், வாயுவின் அழுத்தம், வெப்பநிலை, கன அளவு ஆகிய மூன்றையும் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பாயில் விதிப்படி அழுத்தம் இரு மடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாக வேண்டும் என்று படித்தேன். 20 மில்லி சிரிஞ்சின் நுனியை அடைத்து, அதை நிமிர்த்தி நிறுத்தி, பிஸ்டனின் தலையில் எடைக்கல் வைத்துப் பார்த்தேன். 1 கிலோவுக்குக் காற்று 15 மில்லியாகச் சுருங்கியது. 2 கிலோவுக்கு ஏழரை மில்லி வரும் என்று எதிர்பார்த்தேன். 12 மில்லியிலேயே நின்றுவிட்டது. விதி தவறா, என் சோதனை தவறா?
*– பதினோராம் வகுப்பு மாணவர், பள்ளத்தூர்*

தம்பி, உங்கள் சோதனையும் சரி, விதியும் சரி. கணக்கில் ஓர் எடைக்கல் விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் முதல் கல்லை வைப்பதற்கு முன்பே அந்தப் பிஸ்டனின் மேல் காற்று மண்டலம் உட்கார்ந்திருந்தது. நம் தலைக்கு மேலுள்ள காற்று, தரையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 1 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. 20 மில்லி சிரிஞ்சின் உள்வட்டப் பரப்பு ஏறத்தாழ 3 சதுர சென்டிமீட்டர் இருக்கும்; அப்படியானால், கண்ணுக்குத் தெரியாத 3 கிலோ எடை தொடக்கத்திலிருந்தே பிஸ்டனை அழுத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் அளவுகளையே எடுத்துக் கணக்கிடுங்கள். கல் எதுவும் வைக்காதபோது சுமை 3, கன அளவு 20, பெருக்கினால் 60. ஒரு கிலோ வைத்தபோது சுமை 4, கன அளவு 15. பெருக்கினால் அதே 60. இரண்டு கிலோ வைத்தபோது சுமை 5, கன அளவு 12, மீண்டும் 60. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கிய தொகை மாறாது என்பதுதான் பாயில் விதி. அதை நீங்கள் உங்கள் வீட்டு மேசையிலேயே நிரூபித்துவிட்டீர்கள். காற்றைப் பாதியாக, அதாவது 10 மில்லியாகச் சுருக்க வேண்டுமானால் சுமை 6 ஆக வேண்டும். அதற்கு 3 கிலோ கல் வையுங்கள்.

ராபர்ட் பாயில் 1662-இல் இந்த விதியை வெளியிட்டபோது, அவருக்கும் இதே கூட்டல் தேவைப்பட்டது. 'ஜே' எழுத்தைப் போல வளைந்த கண்ணாடிக் குழாயின் குட்டையான கையை அடைத்து, நீண்ட கையின் வழியே பாதரசத்தை ஊற்றி, அடைபட்ட காற்று எவ்வளவு சுருங்குகிறது என்று அவர் அளந்தார். அவருடைய அட்டவணையில், ஊற்றிய பாதரசத்தின் உயரத்தோடு காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்கு ஈடான 29⅛ அங்குலத்தை ஒவ்வொரு வரியிலும் கூட்டிக் காட்டும் தனிப் பத்தியே உண்டு. தொடக்கத்தில் 12 அங்குல நீளம் இருந்த காற்று 6 அங்குலமாகச் சுருங்கியபோது மொத்த அழுத்தம் 58¹³⁄₁₆ அங்குலமாக இருந்தது; விதிப்படி வர வேண்டியது 58¼. கையால் ஊற்றிக் கண்ணால் அளந்த சோதனைக்கு இந்த வேறுபாடு மிகச் சிறியது. அந்த 29⅛-ஐக் கூட்ட மறந்திருந்தால் அவருக்கும் உங்களைப் போலவே குழப்பம்தான் மிஞ்சியிருக்கும்.

சோதனையைத் திரும்பச் செய்யும்போது இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். பிஸ்டனின் ரப்பர், குழலின் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும். ஆகவே ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ஒவ்வொரு முறையும் மெதுவாக அழுத்தி விட்டு, அது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். அடுத்தது, கல்லை வைத்த கணத்திலேயே அளவைக் குறிக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள். காற்றைச் சட்டென்று அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். பாயில் விதி வெப்பநிலை மாறாதபோது மட்டுமே பொருந்துவது என்பதால், அந்தச் சூடு ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

காலையில் காரின் டயருக்கு 32 பி.எஸ்.ஐ. காற்று பிடித்துக்கொண்டு, கோடை வெயிலில் திருச்சி சென்று சேர்ந்ததும் பார்த்தால் 36-க்கு மேல் காட்டியது. அதிகமாகிவிட்டதே என்று 32-க்கு இறக்கினோம். மறுநாள் காலையில் 28 கூட இல்லை. டயர் கசியவில்லை என்கிறார் பஞ்சர் கடைக்காரர். மேலும், காலையில் 30 டிகிரி இருந்த டயர் 60 டிகிரியானால் அழுத்தமும் இரு மடங்காக அல்லவா வேண்டும் என்று கேட்கிறான் என் மகன்.
*– வாசகர், காரைக்குடி*

பஞ்சர் கடைக்காரர் சொன்னது உண்மை. முதலில் உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். வெப்பம் கூடினால் வாயுவின் அழுத்தம் கூடும் என்பது சரியே. ஆனால் 60 என்பது 30-ஐப் போல இரு மடங்கு வெப்பம் ஆகாது. செல்சியஸ் அளவில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் நிலை. அது நம் வசதிக்காக நாம் வைத்துக்கொண்ட தொடக்கம். வாயுவுக்கு அந்த இடத்தில் எதுவும் நேர்வதில்லை. பூஜ்யம் டிகிரியில் இருக்கும் வாயுவை ஒரு டிகிரி குளிர்வித்தால், அதன் கன அளவில் ஏறத்தாழ 273-இல் ஒரு பங்கு குறைகிறது; அடுத்த டிகிரிக்கு அதே அளவு மீண்டும் குறைகிறது. இந்தக் கோட்டை நேராக நீட்டிக்கொண்டே போனால், மைனஸ் 273.15 டிகிரியில் அது பூஜ்யத்தைத் தொடும். அதுதான் தனிச்சுழி வெப்பநிலை. வாயுவின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாயுக்கள் வெப்பத்தால் விரியும் அளவை, பாரிசில் ஹைட்ரஜன் பலூனைப் பறக்கவிட்ட ஷாக் சார்லஸ் 1787-லேயே ஆராய்ந்திருந்தார். ஆனால் அதை அவர் அச்சிடவில்லை. 1802-இல் கே-லூசாக் தம்முடைய அளவீடுகளை வெளியிட்டபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சார்லஸ் இதைக் கண்டிருந்தார் என்று எழுதிவைத்தார். அந்த நேர்மையால்தான் இன்று பாடநூலில் அது சார்லஸ் விதி என்ற பெயரோடு நிற்கிறது. தனிச்சுழியிலிருந்து எண்ணும் வெப்ப அளவை 1848-இல் முன்மொழிந்தவர் கெல்வின்.

அந்த அளவில் உங்கள் டயர் 303-லிருந்து 333-க்குத்தான் ஏறியது. நூற்றுக்குப் பத்து மட்டுமே கூடியிருக்கிறது. டயரின் கன அளவு பெரிதாக மாறாது என்பதால் அழுத்தமும் நூற்றுக்குப் பத்துதான் கூட வேண்டும். ஆனால் 32-இல் பத்து விழுக்காடு மூன்றேகால்தானே, 36-க்கு மேல் எப்படிப் போயிற்று? பள்ளத்தூர்த் தம்பி மறந்த அதே கல் இங்கேயும் ஒளிந்திருக்கிறது. காற்று பிடிக்கும் கடையின் மீட்டர், வெளிக்காற்றைவிட டயருக்குள் எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே காட்டுகிறது. வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 பி.எஸ்.ஐ.-யையும் (சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு) சேர்த்தால் காலையில் டயருக்குள் இருந்தது 46.7. அது பத்து விழுக்காடு கூடி 51.3 ஆகும்; அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் மீட்டர் 36½ காட்டும். உங்கள் மீட்டரும் ஏறத்தாழ அதையே காட்டியிருக்கிறது.

சூடான டயரிலிருந்து நீங்கள் காற்றை இறக்கியதுதான் பிழை. 60 டிகிரியில் 32 இருக்கும்படி வைத்த டயர், இரவில் ஆறி 30 டிகிரிக்கு வந்ததும் 28-க்குக் கீழே இறங்கியே தீரும். கார் உற்பத்தியாளர் குறிக்கும் அளவு, ஓடாமல் ஆறியிருக்கும் டயருக்கானது. ஓட்டத்தில் கூடும் அழுத்தத்தையும் கணக்கில் கொண்டுதான் அதை நிர்ணயிக்கிறார்கள். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளிந்து, அதனால் மேலும் சூடாகும் என்பதால், வெயில் காலத்தில் காற்றை இறக்கி ஓட்டுவது பாதுகாப்புக்கு நேர்மாறானது. நைட்ரஜன் நிரப்பினால் அழுத்தம் கூடாது என்று சில கடைகளில் சொல்கிறார்கள். நைட்ரஜனும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதே. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக அதுதான் இருக்கிறது.

காரைக்குடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் பலூனைப் போல உப்பிவிட்டது. அங்கே குளிர் அதிகம். குளிரில் காற்று சுருங்கத்தானே வேண்டும்?
*– வாசகி, கோட்டையூர்*

குளிர் சுருக்கத்தான் செய்தது. உயரம் அதைவிட அதிகமாக விரித்துவிட்டது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் வெளிக்காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் நூற்றுக்கு 79 பங்கு அளவே இருக்கும். அதனால் மட்டும் உள்ளே உள்ள காற்று 100-லிருந்து 127-ஆக விரியப் பார்க்கும். வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 15-க்கு இறங்கினால், கெல்வின் கணக்கில் 303 என்பது 288 ஆகிறது. அது சுருக்குவது நூற்றுக்கு ஐந்துதான். இரண்டையும் சேர்த்தால் 120. பாக்கெட்டின் தாள் அந்த அளவுக்கு இடம் கொடுக்காது என்பதால்தான் அது விறைத்து நிற்கிறது.

நான் விசேஷங்களுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தை மாதக் கல்யாணம் ஒன்றில் விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு பெரிய அடுப்புகளை ஒரே சிலிண்டரில் எரித்தபோது, கொஞ்ச நேரத்தில் தீ தணிந்துவிட்டது. சிலிண்டரின் கீழ்ப்பகுதி வியர்த்து, ஐஸ் கூடப் படிந்தது. தீர்ந்துவிட்டது என்று மாற்றிவைத்தேன். மதியம் அதையே மாட்டினால் நன்றாக எரிந்தது. வாயு குளிரில் சுருங்கியதால்தானா? வெந்நீர் ஊற்றலாமா?
*– வாசகி, தேவகோட்டை*

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் மேலே சொன்ன விதிகள் எங்கே பொருந்தாமல் போகின்றன என்பதை உங்கள் சிலிண்டர் அழகாகக் காட்டுகிறது. அந்த விதிகள் எல்லாம், அடைபட்ட வாயு வெளியே போகாமலும் புதிதாகச் சேராமலும் இருக்கும்போது செல்லுபடியாகுபவை. உங்கள் சிலிண்டரில் இருப்பதோ பெரும்பாலும் திரவம். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த அந்தத் திரவத்துக்கு மேலே சிறிதளவு இடம் விடப்பட்டிருக்கும். அந்த இடத்தில்தான் வாயு இருக்கிறது. நீங்கள் வாயுவை எடுக்க எடுக்கத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். ஆகவே முழு சிலிண்டரானாலும் கால் சிலிண்டரானாலும், கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும் வரை, வெப்பநிலை மாறாவிட்டால் உள்ளே அழுத்தமும் பெரும்பாலும் மாறாது. அழுத்தத்தைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாததன் காரணம் இதுவே.

ஆனால் வெப்பநிலை மாறினால் அந்த அழுத்தம், விதி சொல்வதைவிடப் பல மடங்கு மாறும். வெறும் வாயுவாக இருந்தால் 30 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறங்கும்போது அழுத்தம் நூற்றுக்கு ஐந்துதான் குறையும். திரவப் புரோப்பேனுக்கு மேலுள்ள வாயுவின் அழுத்தமோ, காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்தரை மடங்கிலிருந்து ஏழு மடங்குக்கு விழுந்துவிடும்; மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கு அருகிலேயே கொதிப்பது என்பதால், அதன் நிலை இன்னும் பலவீனமானது.

இனி அந்த விடியற்காலைக்கு வருவோம். தோலில் தடவிய ஸ்பிரிட் ஆவியாகும்போது சில்லிடுவதைப் போல, உள்ளே திரவம் கொதிக்கும்போது தனக்குத் தேவையான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வீட்டு அடுப்பு ஒன்று எரிந்தால் வெளிக்காற்று அந்த வெப்பத்தை ஈடுசெய்துவிடும். இரண்டு பெரிய அடுப்புகள் இழுக்கும் வேகத்துக்கு, தை மாதப் பனியில் வெளிக்காற்றால் ஈடு கொடுக்க முடியவில்லை. திரவம் குளிர்ந்தது, அழுத்தம் விழுந்தது, தீ தணிந்தது. ஐஸ் எந்த உயரம் வரை படிந்திருந்ததோ, உள்ளே திரவம் ஏறத்தாழ அந்த உயரம் வரை இருந்தது. மதியத்துக்குள் சிலிண்டர் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிட்டதால் அழுத்தமும் திரும்பியது.

வெந்நீர் ஊற்றவோ, சிலிண்டரை அடுப்பருகே நகர்த்தவோ, சுடுதண்ணீர் அண்டாவில் இறக்கிவைக்கவோ தயவுசெய்து செய்யாதீர்கள். திரவம் சூடானால் விரியும். அதற்காகவே நிரப்பும்போது மேலே இடம் விடுகிறார்கள். அந்த இடமும் நிரம்பிவிட்டால் சுருங்கிக்கொடுக்க உள்ளே வாயு இருக்காது. அழுத்தம் தாறுமாறாக ஏறும். இரண்டு அடுப்புகளுக்கு இரண்டு சிலிண்டர்கள் வைத்துக்கொள்வதே நல்ல வழி. மீதியை அறிய, சிலிண்டரை எடை போட்டு, அதன்மேல் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். தராசு இல்லாத இடத்தில், ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒரு முறை துடைத்துவிட்டுப் பார்த்தால், திரவம் இருக்கும் பகுதி மெதுவாக உலரும். ஈரம் எங்கே கோடு கிழிக்கிறதோ அதுவரை திரவம் இருக்கிறது.

வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் எழும்பி வருவது மாவுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிவதால்தான் என்று எங்கள் ஆச்சியிடம் சொன்னேன். "காத்துக்கு அவ்வளவு சக்தியா?" என்று கேட்டார்கள். யார் சொல்வது சரி?
*– வாசகி, புதுவயல்*

ஆச்சியின் சந்தேகம் மிகவும் நியாயமானது. 30 டிகிரியில் இருக்கும் காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கினால், 303 என்பது 373 ஆகிறது. அது விரிவது நூற்றுக்கு இருபத்து மூன்று மட்டும். ஒரு கரண்டி மாவை எழும்ப வைக்க அது போதாது. வேலை செய்வது மாவில் உள்ள தண்ணீர். ஒரு மில்லி தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மில்லி இடத்தைக் கேட்கும். எண்ணெய் பட்ட மேற்பரப்பு உடனே வெந்து தோலாக இறுகிவிடுவதால், அந்த ஆவியின் ஒரு பகுதி உள்ளே அகப்பட்டு, பணியாரத்தின் நடுவைத் தூக்குகிறது. காற்றுக் குமிழிகள் அந்த ஆவி திரள்வதற்கு இடம் கொடுக்கின்றன. அந்த அளவில் மாவைப் பொங்க ஆட்டுவதற்கும் பங்கு உண்டு. தட்டில் எடுத்து வைத்த பணியாரம் கொஞ்ச நேரத்தில் சற்று அமர்ந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள்: ஆவி மீண்டும் தண்ணீராகும்போது அந்த 1,700 பங்கு இடமும் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

எங்கள் பழைய வீட்டின் கூடத்தை அடைத்துவைத்துவிட்டு மதியம் திறந்தால் காற்று இறுகிக் கிடப்பது போல இருக்கிறது. வெப்பத்தால் உள்ளே அழுத்தம் கூடியிருப்பதாலா?
*– வாசகர், கானாடுகாத்தான்*

அப்படிக் கூடியிருந்தால் உங்கள் கதவு தாங்காது. 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 300 கன மீட்டர் காற்று இருக்கும். அதன் எடை ஏறத்தாழ 350 கிலோ. காலையில் 28 டிகிரியாக இருந்தது மதியம் 40 டிகிரியாகிறது என்று வைத்துக்கொண்டால், 301 என்பது 313 ஆகிறது. நான்கு விழுக்காடு கூடுகிறது. கூடம் சிரிஞ்சைப் போல முழுவதும் அடைபட்டிருந்தால், அந்த நான்கு விழுக்காடு அழுத்தம் 2 சதுர மீட்டர்க் கதவின்மேல் ஏறத்தாழ 800 கிலோ எடையாக உள்ளிருந்து தள்ளும். தேக்குக் கதவே ஆனாலும் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு போகும்.

உண்மையில் கதவிடுக்கு, சன்னலிடுக்கு, ஓட்டிடுக்கு என்று காற்றுக்கு ஆயிரம் வழிகள் இருப்பதால், உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றாகவே இருக்கிறது. அழுத்தம் மாறாதபோது கன அளவுதான் கூட வேண்டும். 300 கன மீட்டர் காற்று 312 ஆக விரிந்து, இடம் போதாத அந்த 12 கன மீட்டரும், அதாவது 13 கிலோவுக்கு மேற்பட்ட காற்று, ஓசையில்லாமல் வெளியே போய்விடுகிறது. மதியம் நீங்கள் உணர்ந்த இறுக்கம், அசையாமல் நிற்கும் சூடான காற்றில் வியர்வை உலராததால் வரும் புழுக்கம்.

சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட அதே நான்கு விழுக்காடு இலேசாக இருப்பதால், அது கூரையை ஒட்டி மேலே தேங்கும். நம் பழைய வீடுகளில் சுவரின் மேற்பகுதியில் சன்னல் வைத்திருப்பது அதற்கு வழிவிடத்தான் உதவுகிறது. இப்போது பல வீடுகளில் புறாவுக்குப் பயந்து அவற்றை அட்டை வைத்து அடைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அட்டைக்குப் பதிலாகக் கம்பி வலை அடித்தால் புறாவும் வராது, காற்றும் போகும். மேலே மட்டும் திறந்தாலும் போதாது: போகும் காற்றுக்கு ஈடாகக் கீழிருந்து வர வேண்டும் என்பதால், வெயில் இறங்கியதும் வளவுப் (உள்முற்றத்துப்) பக்கத்துக் கதவையும் சேர்த்துத் திறந்து வையுங்கள்.